இறக்குவதா, ஓட்டுவதா

சுணைப்பட்டியில் நாலு பேர் சேர்ந்து ஒரு கிணறு வைத்திருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளையும் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியம் வந்திருக்காது.

மூத்தவர் சடையப்பன். அவருக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். பெரும்பாலும் மூடியே இருக்கும். அதனால் ஊரில் அவரை ஆழ்ந்த சிந்தனையாளர் என்று நினைத்தார்கள். அவருடைய தம்பி தங்கமாயன், அண்ணன் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறவன். சித்தப்பா மகன் ஒச்சப்பனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், தன் புத்தியைத் தவிர. நாலாவது பங்கு தங்கமாயனுடைய மச்சினன் அழகுராசுக்கு. ஒரு தரம் கேட்டதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது என்று நினைப்பான்.

தங்கமாயனுடைய பெண்டாட்டி முத்துப்பேச்சிக்கு மட்டும் புத்தி இருந்தது. அவளுக்குப் பங்கு கிடையாது.

அந்த வருஷம் நாலு பேரும் கிணற்றை நம்பிக் கடலை போட்டிருந்தார்கள். பூத்து, காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம். அந்த நேரம் தண்ணீர் விட்டால் காய், விடாவிட்டால் வெறும் கொடி. சரியாக அந்த வாரம் அவர்களுடைய டீசல் இன்ஜின் நின்றுபோனது. அதுவாக நிற்கவில்லை. "புழுதி படாம மூடி வைங்க" என்று யாரோ சொன்னதற்காக, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நனைந்த சாக்கால் இறுகப் போர்த்தி, நாலு பக்கமும் மண் அணைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார்கள். கடைசிவரை அதன் மேல் ஒரு தூசி படவில்லை.

புது இன்ஜின் வாங்க வக்கில்லை. டவுனில் பழைய இன்ஜின் விற்கிற கடைக்கு நாலு பேரும் போனார்கள். மூலையில் ஒன்று நின்றது. நாலு இரும்புச் சக்கரம் வைத்த சட்டத்தில், கறுத்துப்போய், இரண்டு இடத்தில் கம்பி கட்டி. விலை ரொம்ப மலிவு.

"இது நல்லா ஓடின இன்ஜின்" என்றார் கடைக்காரர்.

"எங்கெங்க ஓடுச்சு?" என்று ஒச்சப்பன் சந்தேகத்தோடு கேட்டான்.

கடைக்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எப்படிப்பட்ட ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் விலையைக் குறைக்கவே இல்லை.

"இறக்கணுமாங்க, அப்படியே ஓட்டலாமா?" என்று சடையப்பன் கேட்டார். யாரோ இப்படிக் கேட்டதை எங்கேயோ கேட்டிருந்தார்.

"இறக்கினா நல்லதுதான். ஆனா அவசியம் இல்லை. அப்படியே ஓட்டிட்டுப் போங்க."

மெக்கானிக்குகள் பாஷையில் இன்ஜினை இறக்குவது என்றால், அதை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்த சாமான்களை மாற்றி, திரும்பப் பூட்டுவது. ஓட்டுவது என்றால் ஓட்டுவது. முதலாவது இவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது தெரியும் என்று நினைத்தார்கள்.

ஒச்சப்பன் ரோட்டோரத்தில் ஒரு புளிய விளாரை ஒடித்துக்கொண்டு வந்தான். இன்ஜினுக்குப் பின்னால் நின்று "ஹை, ஹை" என்றான். அது நகரவில்லை. பக்கவாட்டில் இரண்டு போட்டான். அப்போதும் நகரவில்லை.

"புது இடம். மிரளுது" என்றார் சடையப்பன்.

"மிரளுது" என்றான் தங்கமாயன், சத்தமாக.

கடைசியில் மூன்று பேர் தள்ள, ஒச்சப்பன் விளாரால் தட்டிக்கொண்டே வர, மூன்று மைல் ஓட்டிவந்தார்கள். ஊருக்குள் இறங்குகிற சரிவில் இன்ஜினுக்கு வேகம் வந்தது. கையை விட்டுவிட்டு நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது தடதடவென்று ஓடி, ஒரு வைக்கோல் போருக்குள் நுழைந்து, மறுபக்கம் பாதி வெளியே வந்து நின்றது.

"என்னமா ஓடுது" என்றான் அழகுராசு.

"கடைக்காரர் பொய் சொல்லலை" என்றார் சடையப்பன்.

கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்திய பிறகு ஒரு குறை தெரிந்தது. இன்ஜின் ஓடினாலும் தண்ணீர் வரவில்லை. இங்கிருந்து அங்கே தள்ளி ஓட்டினார்கள். அங்கிருந்து இங்கே ஓட்டினார்கள். ஒரு சொட்டு இல்லை. முத்துப்பேச்சி கஞ்சித் தூக்கோடு வந்து இதைப் பார்த்தாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள். "இல்லேன்னா, பக்கெட்டைப் போட்டு இறைங்க. நாலு குடும்பம் இருக்கோம். இன்னும் நாலு நாள் விட்டா கடலை இல்லை."

"இன்ஜின் வாங்கிட்டு பக்கெட்டால இறைக்கிறதா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?" என்றான் தங்கமாயன்.

"இப்ப என்ன சொல்றாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் பட்டறை வைத்திருந்த கமாலுதீன் பாய் கெட்டிக்காரர். அவரிடம் அழகுராசு சைக்கிளில் போனான். பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை வெளியே நீட்டாமலே சொன்னார்:

"ரெண்டு நாளைக்கு என்னால வர முடியாது. அதுவரைக்கும் நீங்களே பாருங்க. முதல்ல ஆயிலை மாத்துங்க. ஹேண்டிலைப் போட்டு நல்லா வேகமாச் சுத்துங்க. புகை என்ன நிறத்துல வருதுன்னு பாருங்க. நீலமா வந்தா ரிங்கு போச்சுன்னு அர்த்தம். கண்டிப்பா இறக்கணும். இறக்கினா ரெண்டு நாள் வேலை. நீலமா வரலேன்னா அப்படியே ஓட்டிக்கலாம்."

அழகுராசு இதை வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்து ஓர் எழுத்து விடாமல் சொன்னான். இரண்டு எழுத்தை விட்டிருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும்.

முதலில் ஆயிலை மாற்றினார்கள். இன்ஜினில் இருந்த கறுப்பு ஆயிலை ஒரு டின்னில் பிடித்தார்கள். அந்த டின்னிலிருந்து இன்னொரு டின்னுக்கு மாற்றினார்கள். அதிலிருந்து மறுபடி இன்ஜினுக்கு மாற்றினார்கள்.

"ரெண்டு தடவை மாத்தியாச்சு" என்றான் தங்கமாயன்.

பிறகு ஹேண்டிலைப் போட்டார்கள். நாலு பேரும் வரிசையாக நின்று இன்ஜினை வேகமாகச் சுற்றினார்கள். கோயிலில் சுற்றுவதுபோல வலப்பக்கமாக மூன்று சுற்று போதும் என்று சடையப்பன் நினைத்தார். வேகமாக என்று சொல்லியிருப்பதால் ஒன்பது சுற்று வேண்டும் என்று ஒச்சப்பன் வாதாடினான். ஒன்பதே சுற்றினார்கள். ஏழாவது சுற்றில் சடையப்பன் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் அவரையும் சேர்த்துச் சுற்றி முடித்தார்கள்.

புகை வரவில்லை.

இங்கேதான் பெரிய சிக்கல் வந்தது. நாலு பேரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேசினார்கள்.

"நீலப் புகை வரலை. அதனால அப்படியே ஓட்டலாம்" என்றான் அழகுராசு.

"வெள்ளைப் புகையும் வரலையே" என்றான் ஒச்சப்பன். "புகையே வராம எந்த நிறம்னு எப்படித் தீர்மானம் பண்றது? நாளைக்கு இது நீலமா வந்தா யார் பொறுப்பு?"

சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் மூடியிருந்தார். அதற்குள் அழகுராசு ஒரு பீடியைப் பற்றவைத்து இன்ஜின் மேல் சாய்ந்துகொண்டான். பீடி நுனியிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பியது. ஒச்சப்பன் அதை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, கண்ணைத் திறங்க. நீலமா வருது."

"அது பீடிப் புகை" என்றான் அழகுராசு.

"பீடி யார் மேல சாஞ்சிருக்கு?"

அழகுராசு யோசித்தான். "பீடி என் கையில. நான் இன்ஜின் மேல."

"அப்ப அது இன்ஜின்ல இருந்து வர்ற புகைதானே?"

அழகுராசு பீடியை அணைத்துவிட்டு இன்ஜினை வருத்தத்தோடு தடவிக்கொடுத்தான்.

"ரிங்கு போச்சு" என்றார் சடையப்பன்.

"ரிங்கு போச்சு" என்றான் தங்கமாயன்.

எங்கே போயிருக்கும் என்று நாலு பேரும் வந்த வழியே குனிந்து தேடிக்கொண்டு டவுன் வரைக்கும் நடந்தார்கள். வைக்கோல் போரைப் பிரித்துப் பார்த்தார்கள். போருக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வந்துவிட்டதால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஒரு சைக்கிள் மணி மூடியும் யாரோ ஒரு பெண்ணின் மெட்டியும்தான் கிடைத்தன. மெட்டியை இன்ஜினில் ஒவ்வொரு துவாரமாக வைத்துப் பார்த்தார்கள். எதிலும் சேரவில்லை.

"வேற வழியில்லை. இறக்க வேண்டியதுதான்" என்றார் சடையப்பன்.

மறுநாள் காலையில் கயிறு கொண்டுவந்தார்கள். அப்போது ஒச்சப்பன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் யோசிக்க முயற்சி பண்ணினவன் அவன் ஒருத்தன்தான்.

"இன்ஜின் தரையில இருக்கு. தரையில இருக்கிறதை எங்க இறக்குறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே எதுவும் இல்லை. பிறகு ஒரே சமயத்தில் நாலு பேர் பார்வையும் கிணற்றின் பக்கம் திரும்பியது. நாலு பேருக்கும் ஒரே யோசனை ஒரே நேரத்தில் தோன்றியது அன்றைக்குத்தான். அது அவர்களுக்கே பெருமையாக இருந்தது.

"தண்ணியும் அங்கதான் இருக்கு" என்றான் தங்கமாயன். அண்ணனுக்கு முன்னால் அவன் ஒரு யோசனை சொன்னதும் அன்றைக்குத்தான்.

இன்ஜினைச் சக்கரத்தோடு கட்டி, கிணற்று விளிம்புக்கு உருட்டி, நாலு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினார்கள். பாதிக் கிணறு வரைக்கும் அவர்கள் இறக்கினார்கள். கயிறு அறுந்ததால் மீதியை இன்ஜினே பார்த்துக்கொண்டது. தண்ணீர் மேலே எழும்பி நாலு பேரையும் நனைத்தது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

"இறக்கியாச்சு" என்றார் சடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இனி ரெண்டு நாள் வேலை."

வேலை நடக்கட்டும் என்று நாலு பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அடிக்கடி எட்டிப் பார்த்தார்கள். கடலைக் கொடி வாடி இலை சுருண்டது. முத்துப்பேச்சி சோறு கொண்டுவந்தாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், சோற்றைக் கீழே வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் எதற்குக் கோபித்துக்கொண்டாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. குழம்பில் உப்பு கூடிப்போயிருக்கும் என்று தங்கமாயன் சொன்னான்.

இரண்டாம் நாள் கமாலுதீன் பாய் சாமான் பையோடு வந்தார்.

"என்ன பண்ணீங்க? அப்படியே ஓட்டிட்டீங்களா, இறக்கணுமா?"

"இறக்கிட்டோம் பாய்" என்றார் சடையப்பன்.

"யாரு இறக்குனது?"

"நாங்க நாலு பேரும்தான்."

பாய்க்கு ஆச்சரியம். இந்த நாலு பேரைப் பற்றித் தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் சங்கடப்பட்டார்.

"பரவாயில்லையே. எல்லாத்தையும் கழட்டிட்டீங்களா?"

"கயிறு மட்டும்தான் கழண்டுச்சு" என்றான் அழகுராசு.

பாய் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் பையைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார். முப்பது வருஷத் தொழிலில் அவர் எத்தனையோ பார்த்தவர். மணல் போட்ட இன்ஜின், நெய் ஊற்றிய இன்ஜின் எல்லாம் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "கிணத்தைக் காலி பண்ணுங்க. அப்புறம் ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். தங்கமாயன் செருப்பை மாட்டினான். அழகுராசு சோற்றுத் தூக்கைத் தேடினான். நாலு பேரும் கிணற்றைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள்.

முத்துப்பேச்சி வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டாள். பிறகு மற்ற மூன்று வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு, கயிறும் உருளையும் தகர டின்களும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் கிளம்பினாள். "வாங்க. இழுக்கிறதுக்காவது ஆகிறீங்களான்னு பாப்போம்" என்றாள் ஆண்களிடம். அவளுடைய தம்பி அழகுராசுதான் முதலில் எழுந்து ஓடினான். அக்கா கையால் சின்ன வயதில் நிறைய வாங்கியவன்.

மூன்று பகல் இறைத்தார்கள். டின்னில் வந்த தண்ணீரை எங்கே கொட்டுவது என்று ஆண்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. திரும்பக் கிணற்றுக்கே போய்விடக்கூடாது என்பதால் ரோட்டைத் தாண்டி ஓடையில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. முத்துப்பேச்சி மண்வெட்டியால் வாய்க்காலைத் திறந்துவிட்டு, டின்னைப் பிடுங்கி அதில் கவிழ்த்தாள். தண்ணீர் கடலை வயலுக்குப் போனது.

மூன்றாம் நாள் கடலைக் கொடி நிமிர்ந்துவிட்டது. வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. பெண்கள் வயலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆண்கள் கிணற்றின் அடியில் சேற்றில் கவிழ்ந்து கிடந்த இன்ஜினைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

சங்கிலி போட்டு, இரண்டு ஜோடி மாட்டைக் கட்டி அதை வெளியே இழுத்தார்கள். பாய் வந்தார். சாக்கை விரித்து, இன்ஜினை உண்மையாகவே இறக்கினார். ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, சேற்றை அலசி, தேய்ந்த ரிங்குகளை மாற்றினார். நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சிலிண்டருக்குள்ளிருந்து ஒரு தவளை வந்தது.

"அதை மாத்தணுமா பாய்? இல்லை அதையே போட்டுக்கலாமா?" என்று சடையப்பன் விசாரித்தார்.

"மாத்தணும்" என்றார் பாய்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து, கிணற்றுக் குழாயையும் மாட்டி, பாய் தானே ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் இரண்டு தும்மல் தும்மிவிட்டு, கடகடவென்று பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். பாயின் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. நாலு பேரும் குழாய் வாயைப் பார்த்தார்கள். குழாயிலிருந்து காற்று வந்தது.

"தண்ணி வரலையே" என்றான் ஒச்சப்பன்.

"கிணத்துல இல்லை. எப்படி வரும்?" என்று பாய் இன்ஜினை நிறுத்தினார். "இன்ஜின்ல ஒரு குறையும் இல்லை. கிணத்துல தண்ணி வந்ததும் போடுங்க." பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

முத்துப்பேச்சியும் போய்விட்டாள். மூன்று நாள் இறைத்த கையில் கொப்புளம். வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாள். அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

நாலு பேரும் வெறுங்கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கிணத்துல தண்ணி எங்க போச்சு?" என்றார் சடையப்பன்.

"வயல்ல நிக்குது" என்றான் அழகுராசு.

"வயல்ல அதுக்கு என்ன வேலை?"

யாருக்கும் தெரியவில்லை. சடையப்பன் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டின்னை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

மறுநாள் மத்தியானம் முத்துப்பேச்சி எழுந்து வந்து பார்த்தபோது, நாலு பேரும் பாத்தி பாத்தியாகக் குனிந்து, நின்ற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு, டின்னில் நிரப்பி, கிணற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி வயலில் தண்ணீர் போய் வெறும் ஈரம்தான் தெரிந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள்.

"கிணத்துல தண்ணி வந்ததும் போடச் சொன்னாரு பாய்" என்றான் தங்கமாயன் டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு. "வந்துட்டு இருக்கு."

சாயங்காலம் கிணற்றில் முழங்கால் அளவு சேர்ந்தது. இன்ஜினைப் போட்டார்கள். முதல் சுற்றிலேயே பிடித்தது. குழாய் இருமி, செம்மண் கலந்த தண்ணீரைக் கக்கியது. வாய்க்காலில் ஓடி, வயலில் பரவி, காலையில் எங்கே நின்றதோ அங்கேயே போய் நின்றது. நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இப்படி ஓர் இன்ஜினை இந்த விலைக்கு யாரும் வாங்கியிருக்க முடியாது என்று அழகுராசு சொன்னான்.

ஒச்சப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நாளைக்கு இன்ஜினுக்குத் தண்ணி?"

அந்த வருஷம் சுணைப்பட்டியில் கடலை நன்றாகவே விளைந்தது. முத்துப்பேச்சி சண்டை போட்டு எடுத்துக்கொண்ட நாலு பாத்தியில் மட்டும். மற்றதைப் பற்றி நாலு பேரும் கவலைப்படவில்லை. கடலை போனால் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம், கிணறு போனால் இன்ஜின் என்ன ஆவது? கிணறு வற்றாமல் பார்த்துக்கொள்ள, வயல் தண்ணீரை மொண்டு ஊற்றுவதற்கு இரண்டு ஆள் போட்டிருக்கிறார்கள்.